பத்து விரல்களும் ஒரு விரலும்: அன்னபூர்ணாவை வாசித்தல்

1978 அக்டோபர் 15 காலை. நேபாளத்தில் அன்னபூர்ணா மலையின் வடக்கு முகத்தில், கடைசி முகாமில், மூன்று பெண்களும் இரண்டு ஷெர்ப்பா ஆண்களும் உச்சிக்குக் கிளம்பத் தயாராகிறார்கள். பனியை உருக்கித் தண்ணீராக்குவதற்கும், பூட்ஸுக்குள் காலைத் திணித்து அதன் அடியில் இரும்பு முட்களைக் கட்டுவதற்குமே மணிக்கணக்கில் ஆகிற உயரம் அது. அந்த வேலைகளுக்கு நடுவே, மூவரில் ஒருவரான பீரோ கிராமர் தன் கைவிரல் ஒன்று உறையத் தொடங்கியிருப்பதைக் கவனிக்கிறார். அவர் கண் அறுவை மருத்துவர். அந்த விரல் இல்லாமல் அவரால் தன் தொழிலைச் செய்ய முடியாது. அவர் கூடாரத்திலேயே தங்கிவிடுகிறார். மற்ற நால்வரும் போகிறார்கள். பிற்பகல் 3.30 மணிக்கு ஐரீன் மில்லர், வேரா கோமார்கோவா, மிங்மா செரிங், செவாங் ரிங்ஜிங் ஆகியோர் உச்சியில் நிற்கிறார்கள். அன்னபூர்ணாவைத் தொட்ட முதல் பெண்கள் அவர்கள். அமெரிக்க அணி ஒன்று அந்த உச்சியை அடைந்ததும் அதுவே முதல் தடவை.

அதே மலை, அதே வடக்குப் பக்கம், இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால்: 1950 ஜூன் 3. மோரிஸ் ஹெர்சோக், லூயி லாஷெனால் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் உச்சியிலிருந்து இறங்குகிறார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுதான் முதல் தடவை. வழியில் முதுகுப்பையைத் திறப்பதற்காக ஹெர்சோக் கையுறைகளைக் கழற்றி வைக்கிறார். அவை சரிவில் உருண்டு போகின்றன. வெறுங்கையோடு இறங்குகிறார். கால்விரல்கள் அனைத்தையும், கைவிரல்களில் பெரும்பகுதியையும் பிற்பாடு இழக்கிறார். லாஷெனாலின் கால்விரல்களும் போகின்றன.

இரண்டு காட்சிகளையும் பல வருடங்களாக அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் காட்சி மலையேற்ற வரலாற்றில் ஒரு வாக்கியம். இரண்டாவது காட்சி ஒரு தேசத்தின் புராணம். இழந்த விரல்கள் பதக்கமாயின. காப்பாற்ற நினைத்த விரலுக்கு அப்படி ஒரு மரியாதை எதுவும் கிடையாது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது மலையா, மலையைப் பற்றிய புத்தகங்களா? புத்தகங்கள்தான் என்பது என் எண்ணம். ஆகவே மலைக்குப் போகாத ஒரு வாசகியாக அந்தப் புத்தகங்களின் வழியாகவே இதில் ஏறப் பார்க்கிறேன்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். உயரம் 8,091 மீட்டர்; உலகில் பத்தாவது. பெயர் நமக்குப் பழக்கமானது. காசிக்குப் போய் வந்தவர்கள் கரண்டி பிடித்த சிறு பித்தளை அன்னபூரணியை வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் அவள் ஒரு கிண்ணம் அரிசிக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தாள். சோறு போடும் அந்தத் தேவியின் பெயரைத் தாங்கிய மலை, உயர்ந்த பதினான்கு சிகரங்களிலேயே மிக அதிகம் கொன்ற மலை என்று நீண்ட காலம் பேர் வாங்கியிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரையிலான கணக்கில், உச்சியைத் தொட்ட ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒருவர் அங்கே இறந்திருக்கிறார். பனிச்சரிவுதான் முக்கியக் காரணம்.

தெற்கே மோதி கோலா ஆற்றின் தலைப்பில், சுற்றிலும் சிகரங்கள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று நடைப்பயணிகள் கூட்டங்கூட்டமாகப் போகும் இடம். அதன் வாயிலில் வராகிக்கு ஒரு சிறு கோயில். அதைத் தாண்டி இறைச்சி போகக் கூடாது, முட்டை போகக் கூடாது, பெண்கள் போகக் கூடாது என்பது அப்பகுதி குரூங் மக்களிடையே இருந்த பழைய வழக்கம். இறைச்சி, முட்டை, பெண்: அந்தப் பட்டியலை அப்படியே படித்துப் பாருங்கள். உணவின் தேவி குடியிருக்கும் இடத்துக்குள் நுழையத் தகாதவையாக இரண்டு உணவுகளும், அவற்றைச் சமைக்கிறவளும். இப்போது அதே பாதையில் முட்டை வறுத்துத் தரும் விடுதிகள் வரிசையாக உள்ளன. அவற்றில் பலவற்றை நடத்துகிறவர்கள் குரூங் பெண்கள். வழக்கம் எந்த நாளில் உடைந்தது என்று யாரும் விழா எடுக்கவில்லை. சுற்றுலாப் பணம் வந்தபோது மெல்லக் கரைந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தது வடக்குப் பக்கம். அவர்கள் கையில் இருந்த வரைபடம் தவறானது. முதலில் தௌலகிரியைப் பார்த்து அது முடியாது என்று விட்டார்கள். பிறகு அன்னபூர்ணா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் அலைந்தார்கள். மிரிஸ்தி கோலா என்ற ஆற்றின் பள்ளத்துக்கு மேலே வழி கிடைத்து, பனியாற்றின் மேல் முகாம்களை அடுக்கி, அரிவாள் போல வளைந்த ஒரு பனிச்சுவரைச் சுற்றி ஏறினார்கள். அந்தச் சுவருக்கு அரிவாள் என்றே பெயர். முகாம்களுக்கு மேல் எந்நேரமும் பனிக்கட்டிகள் தொங்கிக்கொண்டிருக்கும் வழி அது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவசரமும் சேர்ந்துகொண்டது.

ஹெர்சோக்கின் 'அன்னபூர்ணா' 1951இல் வெளிவந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல், கைகள்தான் இல்லையே. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. நான் கல்லூரியில் படித்தபோது அதன் ஆங்கிலப் பதிப்பை ஒரே இரவில் வாசித்து முடித்தேன். இன்றும் அந்த வேகம் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சிக்குப் பிறகு வரும் பகுதிதான் நூலின் உயிர். பனிப்பிளவுக்குள் நான்கு பேர் ஒடுங்கிக் கிடந்த இரவு, பனி நிரப்பிய பிளவில் விடியலில் பூட்ஸைத் தேடுவது, பார்வை மங்கிய லியோனெல் தெரேயும் காஸ்தோன் ரெபுஃபாவும், மருத்துவர் ஊதோ ஊசியால் தமனிகளைத் தேடும் வேதனை, சுமைதூக்கிகளின் முதுகில் வாரக்கணக்கான பயணம், இந்திய ரயில் பெட்டியில் வெட்டி எடுக்கப்பட்ட விரல்கள் தரையிலிருந்து பெருக்கி வெளியே தள்ளப்படும் இடம். இவ்வளவு உடல் வலி இருக்கும் இன்னொரு மலைநூலை நான் படித்ததில்லை.

ஆனால் அந்த வலி எதற்குப் பயன்படுகிறது என்று கவனியுங்கள். ஹெர்சோக்குக்கு உச்சியில் ஒரு பரவசம் வருகிறது. உடல் உதிர உதிர அவர் புனிதராகிக்கொண்டே போகிறார். இழப்பு பெரிதாக ஆக, ஏறியதன் பொருள் பெரிதாகிறது. முடிவில் மலை ஆண்களின் வாழ்க்கைக்கான உவமையாக மாறிவிடுகிறது. கையுறையைத் தவறவிட்டது ஒரு கவனக்குறைவு. பையில் மாற்றுக் காலுறை இருந்தது, அதைக் கையில் மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் நூலின் ஓட்டத்தில் அந்தக் கவனக்குறைவு விதியாக மாறிவிடுகிறது. ஒரு பெண் அணியில் ஒருத்தி கையுறையைத் தவறவிட்டிருந்தால் அது எந்தச் சொல்லால் எழுதப்பட்டிருக்கும் என்று யோசிக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை.

இந்த நூல் மட்டும்தான் அந்தப் பயணத்தின் கதையாக நீண்ட காலம் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிளம்புவதற்கு முன்பு அணியினர் அனைவரும் தலைவருக்குக் கீழ்ப்படிவதாக உறுதி எடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு வேறு யாரும் எதையும் வெளியிடுவதில்லை என்றும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில், 1955இல், லாஷெனால் பனிச்சறுக்கின்போது பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார். அவருடைய குறிப்புகள் மறு ஆண்டு வந்தபோது அவற்றில் சங்கடமானவை நீக்கப்பட்டிருந்தன. முழு வடிவம் 1996இல்தான் கிடைத்தது. அதில் லாஷெனாலின் குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது. அவர் தொழில்முறை வழிகாட்டி. கால் போனால் பிழைப்பு போகும் என்று தெரியும். தனியாக இருந்திருந்தால் திரும்பியிருப்பார். ஹெர்சோக் எப்படியும் போவார், தனியே போனால் திரும்பி வரமாட்டார் என்று நினைத்ததால் கூடவே போனார். நாட்டின் மானம் அவருக்கு ஒரு காரணமாக இல்லை. கயிற்றின் மறுமுனையில் இருந்த ஆள்தான் காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு வீடுகள் நினைவுக்கு வந்தன. ஒருவர் பரவசத்தில் இருக்க, பக்கத்தில் இருப்பவர் நேரத்தையும் குளிரையும் திரும்பும் வழியையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அந்த வேலையைச் செய்த ஆணின் குரலும் நாற்பது ஆண்டுகள் வெளியே வரவில்லை. வீரக் கதையின் இலக்கணம் பெண்களை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை. பராமரிப்பவர் யாரானாலும் நிறுத்துகிறது. கடைசி முகாமுக்குக் கூட வந்த ஆங் தார்க்கேயும் அப்படித்தான். அணியின் தலைமை ஷெர்ப்பா அவர். உச்சிக்கு வரும்படி ஹெர்சோக் அழைத்தபோது கால் உறைகிறது, வேண்டாம் என்று இறங்கிப் போனார். பீரோ கிராமர் எடுத்த அதே முடிவு. ஹெர்சோக் அதைச் சற்று வியப்போடு எழுதுகிறார்.

ஹெர்சோக்கின் நூலை 1952இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நெயா மோரின், ஜேனட் ஆடம் ஸ்மித் என்ற இரு பெண்கள். இருவரும் மலையேறியவர்கள், இருவரும் கணவரை இழந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள். நெயா மோரின் 1933இல் மைக்கேலின் மோரின், ஆலிஸ் தாமேம் ஆகியோரோடு ஆண் துணையில்லாமல் ஆல்ப்ஸின் மெய்ஜ் முகட்டை முழுவதும் கடந்தவர். அந்த நாட்களில் இது சிறு விஷயமில்லை. 1929இல் ஆலிஸ் தாமேமும் மிரியம் ஓ'பிரையனும் கிரெபோன் என்ற சிகரத்தில் தனியே ஏறியபோது, இனி தன்மானமுள்ள எந்த ஆணும் அதில் ஏற மாட்டான், கிரெபோன் ஒழிந்தது என்று ஓர் ஆண் மலையேறி புலம்பினார். அப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்த பெண்கள், அன்னபூர்ணாவின் ஆண்மைக் காவியத்தை வார்த்தை வார்த்தையாக இன்னொரு மொழியில் சுமந்தார்கள். அந்தக் கதை எட்டிய வாசகர்களில் பெரும்பாலோர் அட்டையைத் தாண்டி அவர்கள் பெயரைப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் முதல் வாசிப்பில் பார்க்கவில்லை.

ஆர்லின் புளூம் 1980இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இரண்டு பகுதிகள்: மலையின் பெயரும், 'பெண்ணுக்கான இடம்' என்ற தொடரும். புளூம் வேதியியலாளர். குழந்தைகளின் இரவு உடைகளில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட ட்ரிஸ் என்ற வேதிப்பொருளின் ஆபத்தைப் பற்றி அவரும் புரூஸ் ஏம்ஸும் எழுதிய கட்டுரை 1977இல் வந்தது. அந்தப் பொருள் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டதும் அதே ஆண்டு. மலை உலகம் அவரை நடத்திய விதம் வேறு. ஒரு பயணத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒன்பது ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் இருந்தால் திறந்த பனிவெளியில் மலசலம் கழிப்பதிலிருந்து ஆண்களின் இயல்பான தோழமை வரை எல்லாமே சங்கடம் என்று பதில் வந்தது. டெனாலி மலைப் பயணம் ஒன்றில், பெண்கள் அடிவார முகாம் வரை வந்து சமையலுக்கு உதவலாம் என்றார்கள். 1970இல் கிரேஸ் ஹோமன் தலைமையில் ஆறு பெண்கள் சேர்ந்து டெனாலி உச்சிக்கே போனார்கள். புளூம் துணைத் தலைவர்.

அன்னபூர்ணாவுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 80,000 டாலர். அதில் பெரும்பகுதி டி-ஷர்ட் விற்று வந்தது. பெண்ணுக்கான இடம் உச்சியில்தான் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்குப் படுக்கையறைப் பொருளும் உண்டு; தமிழில் அந்தக் குறும்பு வர மறுக்கிறது. அடுப்படிதான் பெண்ணுக்கான இடம் என்ற பழைய வசனத்தைத் திருப்பிப் போட்ட வாக்கியம் அது. அந்த வாக்கியத்தை நெஞ்சில் அணிந்து வீதியில் நடந்த ஆயிரக்கணக்கான பெண்கள்தான் அந்தப் பயணத்துக்குப் படியளந்தவர்கள்.

வழித்தேர்விலும் ஓர் எச்சரிக்கை இருந்தது. 1950இன் பாதையில் பனிச்சரிவு அபாயம் மிக அதிகம் என்பதால், முந்தைய ஆண்டு, 1977இல், டச்சு அணி ஏறிய செங்குத்தான பனி விளிம்பைப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள். விலா எலும்பு போலப் புடைத்து நிற்பதால் அதற்கு டச்சு விலா என்று பெயர். ஏறக் கடினம், ஆனால் சரியும் பனி அதன் இரு பக்கமும் ஓடிவிடும். விலாவின் அடியை எட்டுவதற்குத்தான் பனிச்சரிவுகள் பாயும் வெளியைக் கடக்க வேண்டும். அதை ஒரு முறை கடந்தால் போதாது. சுமையோடு மேலும் கீழும் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். நூலின் நடுப்பகுதி முழுக்க அந்த வெளியின் அச்சம்தான். இன்று போகலாமா, நேற்றைய பனி உறைந்துவிட்டதா, யார் முன்னால்? புளூம் இதைக் கூட்டம் போட்டுப் பேசுகிறார், வாக்கெடுப்பு நடத்துகிறார், தூக்கமில்லாமல் புரள்கிறார். அணியில் சிலர் அவரிடம் உறுதி போதவில்லை என்கிறார்கள், சிலர் அதிகாரம் செய்கிறார் என்கிறார்கள். எல்லாவற்றையும் அச்சில் வைக்கிறார். இதையே பலவீனம் என்று வாசிக்கிறவர்கள் உண்டு. ஐந்தாண்டு வாய்ப்பூட்டு போட்ட அணியின் நூலுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் வேறு மாதிரி தெரியும். 1950இன் அணியில் சண்டையே இல்லாமல் இருந்திருக்க முடியாது. சண்டை எழுதப்படாமல் போனது.

இன்னொரு வேறுபாடும் எனக்கு முக்கியம். ஹெர்சோக்கின் நூலில் உச்சியில் நிற்பவரும் கதை சொல்பவரும் தலைவரும் ஒருவரே. புளூம் உச்சிக்குப் போகவில்லை. கீழேயிருந்து தொலைநோக்கியும் வானொலியும் கொண்டு காத்திருந்தவர்களில் ஒருவராகத்தான் அந்த நாளைச் சொல்கிறார். உச்சி இந்த நூலில் இரவல் அனுபவம். பரவசத்துக்கு இடமில்லை, அவர்கள் இறங்கிவிட்டார்களா என்ற கேள்விதான் பக்கத்தை நிரப்புகிறது.

அடுத்ததாக நடந்ததை எளிதாகச் சொல்ல முடியாது. அலிசன் சாட்விக்-ஓனிஷ்கேவிச், வேரா வாட்சன் ஆகிய இருவரும் இரண்டாவது அணியாக மேலே போக விரும்பினார்கள். அலிசன் அந்த அணியின் மிகத் தேர்ந்தவர்களில் ஒருவர். 1975இல் வாண்டா ருட்கேவிச்சோடும் இரு ஆண்களோடும் மூன்றாம் கஷேர்ப்ரம்மின் உச்சியை முதன்முதலாகத் தொட்டவர். பெண்கள் பயணம் என்று சொல்லிவிட்டு ஷெர்ப்பா ஆண்களோடு உச்சிக்குப் போவது அவருக்கு ஒப்பவில்லை. பெண்கள் தாங்களே வழி போட்டு ஏற வேண்டும் என்பது அவருடைய வாதம். அதுவரை யாரும் ஏறியிராத நடுச் சிகரம் அவர்களின் இலக்கு. ஷெர்ப்பா துணை இல்லாமல், ஒரே கயிற்றில் சென்ற இருவரும் அக்டோபர் 17 அன்று விழுந்து இறந்தார்கள்.

புளூம் இந்த மரணங்களுக்குப் பொருள் தேடித் தராததுதான் நூலின் நேர்மை. தடுத்திருக்கலாமா என்ற கேள்வியைக் கேட்டு, கேள்வியாகவே விடுகிறார். ஆனாலும் பெண்ணியவாதிகளாகிய நாம் அலிசனின் வாதத்தை எதிர்கொள்ளாமல் நழுவ முடியாது என்று நினைக்கிறேன். யாருடைய உதவியும் இல்லாமல் செய்தால்தான் அது பெண்ணின் சாதனை என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? ஹெர்சோக்கை ஷெர்ப்பாக்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். அது அவருடைய சாதனையில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. பெண்கள் மட்டும் தனியாகத் தேர்வெழுத வேண்டியிருந்தது. அலிசனின் கோபம் நியாயமானது, அவர் ஏற்றுக்கொண்ட அளவுகோல் நியாயமானதல்ல. இரண்டையும் ஒன்றாகச் சொல்லத்தான் வேண்டும்.

நூலில் எனக்கு உறுத்தும் இடம் வேறு ஒன்று. ஷெர்ப்பாப் பெண்களுக்கும் மலையேற்றப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்ற விருப்பம் புளூமுக்கு இருந்தது. இரண்டு பெண்கள் பயணத்தில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் இடம் சமையல் கூடாரத்தைத் தாண்டவில்லை. பிறகு மனக்கசப்போடு அனுப்பி வைக்கப்பட்டார்கள். பெண்ணுக்கான இடம் உச்சி என்று சட்டையில் எழுதியிருந்த அணியில், அந்த ஊர்ப் பெண்களுக்கான இடம் அடுப்படியாகவே முடிந்தது. டெனாலி பயணத்தில் புளூமுக்குச் சொல்லப்பட்ட அதே இடம். இதைப் புளூம் மறைக்கவில்லை, வருத்தத்தோடு எழுதுகிறார். மானிடவியலாளர் ஷெரி ஓர்ட்னரும் ஷெர்ப்பாக்களைப் பற்றிய தன் நூலில் இந்தப் பயணத்தை விவாதிக்கிறார். ஆனால் இது தவிர்க்க முடியாத சூழ்நிலையாக நூலில் வந்து போவதை நான் ஏற்கவில்லை. 1959இலேயே கிளாட் கோகன் தலைமையில் சோ ஓயு மலைக்குப் போன பன்னாட்டுப் பெண்கள் அணியில் டென்சிங்கின் மகள்கள் பெம் பெம், நிமா இருவரும் அவருடைய சகோதரியின் மகளும் அங்கத்தினர்களாக இருந்தார்கள். அந்தப் பயணமும் துயரத்தில் முடிந்தது. கோகனும் கிளாடின் வான் டெர் ஸ்ட்ராட்டனும் இரு ஷெர்ப்பாக்களும் பனிச்சரிவுக்குப் பலியானார்கள். ஆயினும் ஷெர்ப்பாப் பெண்கள் ஏறலாம் என்ற யோசனை 1978இல் புதிதல்ல. எவரெஸ்ட் உச்சியை ஒரு நேபாளப் பெண், பசாங் லாமு ஷெர்ப்பா, அடைந்தது 1993இல். இறங்கும்போது அவர் இறந்தார்.

தெற்கு முகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1970இல் கிறிஸ் போனிங்டன் தலைமையிலான பிரிட்டிஷ் அணி, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவரில் கயிறு கட்டி ஏறியது. டான் வில்லன்ஸும் டூகல் ஹாஸ்டனும் உச்சியை அடைந்தார்கள். முகாமைக் கலைத்து இறங்குகையில் இயன் கிளஃப் பனிக்கட்டி சரிந்து இறந்தார். மலையேற்ற வரலாற்றில் இது பெரிய திருப்பம். என் அக்கறை அதே சுவரில் 1991இல் நடந்ததில் இருக்கிறது. வாண்டா ருட்கேவிச் அங்கே தனியாக உச்சிக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அவருடைய போலந்து சகாக்கள் சிலரே நம்பவில்லை. எவரெஸ்டிலும் கே2விலும் ஏறிய, அந்நாளின் முதன்மையான பெண் மலையேறி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பாடு அவருடைய கூற்று ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் கஞ்சன்ஜங்காவில் காணாமல் போனார்.

2013இல் சுவிஸ் மலையேறி ஊலி ஸ்டெக் அதே முகத்தில் தனியாக, 28 மணி நேரத்தில் ஏறி இறங்கியதாகச் சொன்னார். கேமரா தொலைந்துவிட்டது, உச்சியில் எடுத்த படம் இல்லை. அவரையும் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மறு ஆண்டு மலையேற்றத்தின் உயரிய விருதான தங்கப் பனிக்கோடரி அவருக்குக் கிடைத்தது. ஹெர்சோக்கின் உச்சிப் படத்திலும் அவருக்குப் பின்னால் சரிவு இன்னும் மேலே போவது போலத் தெரிகிறது என்று வெகுகாலமாகப் பேச்சு உண்டு. அவருக்குத் துணையாக ஓர் அரசே நின்றது. அவர் அமைச்சரானார், ஷாமோனி நகரத்தின் மேயரானார், ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார். இவர்களில் யார் பொய் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, மூவரும் போயிருக்கலாம். ஒரு சொல்லின் மேல் வைக்கப்படும் நம்பிக்கை யாருக்கு முன்பணமாகக் கிடைக்கிறது, யார் அதைத் தவணையில் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கடைசியாக ஒரு புத்தகம். 2012இல் ஃபெலிசிதே ஹெர்சோக் பிரெஞ்சில் 'ஒரு வீரன்' என்ற தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அட்டையில் நாவல் என்று இருக்கிறது. மோரிஸ் ஹெர்சோக்கின் மகள் அவர். மனநோயில் சிதைந்து இளவயதில் இறந்த தன் அண்ணனைப் பற்றியும், தன் பிம்பத்தை மட்டுமே நேசித்த தந்தையைப் பற்றியும் எழுதினார். உச்சியைத் தொட்டது உண்மைதானா என்ற சந்தேகத்தையும் தொட்டார். தந்தை அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். மகள் அப்பாவை இப்படி எழுதலாமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். நம் ஊரிலும் அதே கேள்வியைத்தான் கேட்போம். எனக்கு அந்த நூலில் உச்சியைப் பற்றிய சந்தேகம் இரண்டாம்பட்சம். புராணம் ஆகிவிட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்வது என்ன என்பதை, மலையின் எந்த முகத்திலிருந்தும் தெரியாத ஒரு பக்கத்திலிருந்து அவர் எழுதியிருக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு பெண்கள் கல்லூரியில் இந்த நூல்களைப் பற்றிப் பேசப் போனேன். கரும்பலகையில் மலையின் வடிவத்தைக் கோணலாக வரைந்து, வடக்கில் பிரெஞ்சு வழி, அதற்குப் பக்கத்தில் டச்சு விலா, தெற்கில் 1970இன் சுவர் என்று மூன்று நிறச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். வழி தொடங்கும் இடத்தில் ஒரு முக்கோணம், அடிவார முகாமுக்காக. பேசி முடித்ததும் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "மேம், அந்த ரெண்டு பொண்ணுங்களும் திரும்பிப் போன வழிய நீங்க வரையலையே?" என்றாள்.

சுண்ணக்கட்டியை அவளிடமே கொடுத்தேன். முக்கோணத்திலிருந்து பலகையின் கீழ் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.